பூஜைக்குப் போன எட்டாம் நம்பர் ஸ்பேனர்

பாடம் நடத்தத் தெரிந்தவனுக்கு வேலையும் செய்யத் தெரியும் என்று ஒரு காலத்தில் மனதார நம்பியவன் நான். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வருடா வருடம் ஹைட்ராலிக் பிரேக்கைக் கரும்பலகையில் வரைந்து பாஸ்கல் விதியை விளக்குகிறவன். என் பைக்கின் முன் பிரேக் லிவர் தொளதொளவென்று ஆனபோது மெக்கானிக்கிடம் போவேனா? (போயிருக்கலாம். மானம் மிஞ்சியிருக்கும்.)

அன்று ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று ஓசூர் கம்பெனி ஒன்று என் மனைவி மலரை வேலையில் சேர வரச்சொல்லியிருந்தது. மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. காலை ஆறு மணிக்கு மாரண்டஹள்ளியில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது.

"பஸ்ஸ வுட்டுட்டா அவ்ளோதாங்க. அந்த எடத்துக்கு இருபது பேரு நிக்கறாங்க" என்றாள்.

"நான் கொண்டுபோயி வுடறேன். பிரேக்க மட்டும் சரி பண்ணிடறேன், அஞ்சு நிமிசம்" என்றேன்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை எட்டாம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி, பழைய பிரேக் ஆயிலை ஒரு சொட்டு விடாமல் பாட்டிலில் வடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, புது ஆயில் வாங்கவேயில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் வண்டிக்கு மாலை போட்டிருந்தது. தரையில் கிடந்த ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் அரிவாள்மணையோடு சாமி படத்தின் முன்னால், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"அம்மா, அந்த எட்டாம் நம்பர மட்டும்..."

"கைய வெச்ச, ஒடச்சிடுவேன்! சாமிகிட்ட வெச்சத நாளைக்கித்தான் எடுக்கணும்."

"வேல பாதியில நிக்குதும்மா!"

"பூஜ அன்னிக்கி எவனாச்சும் வேல செய்வானா? வாத்தியாருக்குப் படிச்சியே, இது தெரியல?"

வீடு வீடாகப் போனேன். ஊரில் இருந்த அத்தனை ஸ்பேனரும் பூஜையில். மெக்கானிக் கடைக்காரரும் கும்பிடு போட்டு, "இன்னைக்கி மட்டும் கேக்காதீங்க சார்" என்று ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தார். சாயங்காலம் நான்கு பை பொரியோடு வெறுங்கையாய் வீடு சேர்ந்தேன். கேட்டிருந்தால் யாராவது வண்டியே தந்திருப்பார்கள். கேட்க எனக்குத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"பின் பிரேக் இருக்குது மலரு, மெதுவா போயிடலாம்."

"ஏரிக்கர எறக்கத்துலயா? நான் வேலைக்கிப் போவணுங்க, ஆஸ்பத்திரிக்கி இல்ல."

சொல்லிவிட்டு அவள் நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

விடிகாலை நான்கு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். தலைக்குக் குளித்து, மறுபடி கற்பூரம் காட்டி, பூஜையை முடித்திருந்தாள். குங்குமப் பொட்டோடு ஸ்பேனரை நீட்டினாள்.

"உனக்காவ இல்ல. அவளுக்காவ."

ஹேண்டில்பார் டப்பாவில் புது ஆயிலை ஊற்றி, கீழே திருகில் ஒரு சின்னக் குழாயை மாட்டிவிட்டு நான் சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். மலர் லிவரைப் பிடித்தாள். "அழுத்து... வுடு." அவள் அழுத்தும்போது நான் திருகைத் திறந்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பத்துத் தடவை செய்தோம். லிவர் அதே தொளதொள.

"ஏங்க, திருக மூடறதுக்கு முன்னாடியே வுடுன்னா, வெளிய போன காத்து திரும்ப உள்ள வராதா? மொதல்ல மூடுங்க. அப்புறம் நான் வுடறேன்."

பாஸ்கல் விதிக்காரனான நான் வாயை மூடிக்கொண்டு திருகையும் மூடினேன். அவள் சொன்னபடி செய்தோம். குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது, லிவர் கெட்டிப்பட்டது. வாசலிலேயே நான்கு தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு மலர் சொன்னாள்:

"பின்னாடி ஒக்காருங்க."

ஏரிக்கரை இறக்கத்தில் அவள் பிரேக் பிடித்தாள். வண்டி சொன்ன பேச்சு கேட்டது. பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். ஜன்னலிலிருந்து அவள் கையசைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தூசி விழுந்தது என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.)

இப்போது மலர் அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா ஸ்பேனர்களை வரிசையாக அடுக்குவாள். மலர் அவற்றுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்து, கடைசியாக என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, எட்டாம் நம்பருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள்.

"சாமிகிட்ட வெச்சாச்சு அத்த. நாளைக்கிக் காலைல வரைக்கும் இவர யாரும் எடுக்கக் கூடாது."