லாவோஸுக்குப் போகாமலிருக்கக் கஜித்தானி பட்ட பாடு

குப்பைப் பை திரும்பி வந்துவிட்டது. எரிக்கிற குப்பையை மட்டும் எடுக்கும் நாளில் கஜித்தானி பீர் பாட்டிலைப் போட்டுத் தொலைத்திருந்தார். தெருச் சங்கத்து அம்மாள் அதில் சிவப்புச் சீட்டு ஒட்டி, வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஒரு பாட்டிலைப் பிரிச்சுப் போடத் தெரியல. இவருதான் பம்ப் கம்பெனியில இலாகாத் தலைவரா இருந்தாராம்!" என்றாள் மனைவி யசுகோ, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

கஜித்தானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிடையரான மனுஷன் என்றால் அத்தனை இளக்காரமா?

"இந்த வீட்டுல இனி மனுஷன் இருப்பானா? லாவோஸுக்குத் தொண்டு செய்ய ஆள் எடுக்கறாங்க. போறேன்! ரெண்டு வருஷம் மலையில பம்ப் ரிப்பேர் பண்ணிக்கிட்டுக் கிடக்கறேன். அப்பத் தெரியும் என் அருமை!"

அத்தனையும் வாய்ச்சவடால். சொந்த ஊரான டோயாமாவின் எல்லையைத் தாண்டினாலே அவருக்கு வயிறு கெட்டுவிடும். யசுகோ பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

"போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

விண்ணப்பத்தில் மனைவியின் சம்மத முத்திரை வேண்டும். அதைக் குத்தும்போதாவது கை நடுங்காதா என்று காத்திருந்தார். மகராசி ஒரு கையால் மிசோ சூப்பைக் கிண்டிக்கொண்டே மறு கையால் டொக்கென்று குத்தினாள். கோணல்கூட இல்லை. அதோடு விட்டாளா? தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தாள். ஆளாளுக்கு வந்து வழியனுப்புப் பரிசாகத் துண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். இனி தானாகப் பின்வாங்கினால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு துண்டுகளைத் திருப்பிக் கொடுப்பது? நேர்காணலில் தோற்றுத் தொலைப்பது ஒன்றுதான் வழி.

கிளம்புகிற அன்று யசுகோ கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள். குரல் திடீரென்று குழைந்தது.

"ஏங்க, தலைவர் மாதிரி நிமிர்ந்து பேசுங்க. நான் திட்டறதையும் நீங்க வாயை மூடிக்கிட்டுக் கேக்கறதையும் தப்பித் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. எடுக்கவே மாட்டாங்க."

அடி சக்கை! தோற்க வழி தெரியாமல் தவித்தவருக்கு அவளே வழியைக் காட்டிவிட்டாள். ரயிலில் டோக்கியோ வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனார்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் கேட்டாள்.

"அந்த ஊர்ல உங்க பேச்சை யாருமே கேக்கலைன்னா?"

"வீட்டுல மட்டும் கேக்கறாங்களாக்கும்! பேசாம இருப்பேன்."

"சாப்பாடு பிடிக்கலைன்னா?"

"மூஞ்சியில காட்டாம முழுங்குவேன். காட்டினா அடுத்த வேளைக்கு அதுவும் கிடைக்காது."

"ஒரு சின்னப் பொண்ணு மேலதிகாரியா இருந்து, எல்லார் முன்னாடியும் உங்க தப்பைச் சொன்னா?"

அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் பொங்கிவிட்டது. "தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு, மறுபடி முதல்லேருந்து செய்வேன்! தினமும் அதைத்தானேம்மா செஞ்சுக்கிட்டிருக்கேன்! வேற என்ன பொழைப்பு எனக்கு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒழிந்தது சனியன் என்று கஜித்தானி ஆனந்தமாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டார். அடுப்படிக்குள் புயலாய் நுழைந்தார்.

"உன் வண்டவாளம் ஒண்ணு விடாம சொன்னேன்டி! நீ திட்டறது, நான் முழுங்கறது, எல்லாத்தையும்! அப்புறமும் எடுத்துட்டாங்களே, அவங்களுக்கு மூளை இருக்கா?"

யசுகோ முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா நீங்க நேர்மாறாச் செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டு ஒகாபே போன வருஷம் இதே நேர்காணல்ல தலைவர் மாதிரி நிமிர்ந்து பேசினாரு, வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பாவம், அவர் பொண்டாட்டி இன்னும் அழுதுக்கிட்டிருக்கா."