முன் சீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று கிளாரன்ஸ் முடிவு கட்டிவிட்டார். அதற்காகத்தான் விமானமே வாங்கினார்.

சிரிக்காதீர்கள். பெங்களூர் ஜோகுபாளையத்தில் குடியிருந்துகொண்டு ஒரு மனுஷன் விமானம் வாங்குகிற அளவுக்குப் போயிருக்கிறான் என்றால், வீட்டில் அவனை எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்! கிளாரன்ஸ் விமானத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஓட்டுவதற்கு லைசென்ஸும் உண்டு. யுத்தம் முடிந்து ஏலத்தில் கழித்துவிட்ட ரெட்டைச் சீட்டு விமானம் ஒன்று பல கை மாறி அவரிடம் வந்து, ஜக்கூர் விமான மைதானத்தில் நின்றது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பறக்க விடமாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இது நடந்தது ஐம்பத்தேழில்.

மனைவி ஜோசஃபின் நல்லவள்தான். பள்ளிக்கூட டீச்சர். அங்கே அவள் கேட்கிற கேள்விகளை நாற்பது பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளும். வீட்டில் கிளாரன்ஸ் ஒருத்தர்தான். பால் ஏன் பொங்குகிறது, போஸ்ட்மேன் ஏன் எதிர்வரிசைக்கு முதலில் போகிறார், எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லியாக வேண்டும். பாவம், பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். அந்த விமானத்தில் ஓட்டுகிறவருக்குப் பின் சீட்டு, கூட வருகிறவருக்கு முன் சீட்டு. முன் சீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விட்டால் அதில் யாரும் ஏற முடியாது. மேலே அவரும் மேகமும் மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வெங்கடசுப்ரமணியன் வந்தார்.

"மூணு தினுசு இருக்கு சார். கீழ இருக்கறவா தலையில விழுந்தா, அதுக்கு ஒண்ணு. கூட வர்ற பயணிக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்த்து ஒண்ணு."

"கீழ விழறது மட்டும் போதும்," என்றார் கிளாரன்ஸ் அவசரமாக.

"அப்ப நான் ஏற முடியாதாங்க?" என்றாள் ஜோசஃபின்.

"முடியாதும்மா. சட்டம் அப்படி. எனக்கும் வருத்தம்தான்." வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார்.

"பரவாயில்ல விடுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏஜெண்ட் கொண்டுவந்த விதிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். சண்டையே இல்லையா! கிளாரன்ஸுக்கு நம்பவே முடியவில்லை.

"ஏன் சார், அல்சூர் ஏரியில விழுந்தா?"

"மீனுக்குக் கிடையாது. மீன் குத்தகை எடுத்தவருக்கு உண்டு."

"பக்கத்து வீட்டு யூனிஸ் மேல?"

"உண்டு."

"யூனிஸ் துணி காயப்போட்ட கொடி மேல?"

"அதுக்கும் உண்டும்மா."

"எவ்வளவு நஷ்டம் ஆனாலும் கம்பெனியே குடுத்துடுமா?"

"ஸ்வல்ப இருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. ஒரு வரம்பு இருக்கு. அதுக்கு மேல போனா ஓனர் கொடுக்கணும். கையில இல்லேன்னா அவர் பேர்ல இருக்கற வீடு வாசல் ஏலத்துக்குப் போயிடும்."

ஜோசஃபின் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏங்க, இந்த வீடு உங்க பேர்ல. விமானமும் உங்க பேர்ல. ரெண்டும் ஒரே ஆள் பேர்ல இருந்தா ஆபத்தில்ல? ஒண்ணை என் பேருக்கு மாத்துங்க. வீட்டைன்னாலும் சரி."

வீடா! ராப்பகலாக உழைத்துக் கட்டின வீடாயிற்றே! கிளாரன்ஸ் சட்டென்று கணக்குப் போட்டார். விமானத்தை இவள் பேரில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? இவளுக்கு ஓட்டத் தெரியுமா, ஒன்றா? பேர் அவளுக்கு, ஆகாயம் நமக்கு.

"விமானத்தையே உன் பேர்ல போட்டுடலாம் ஜோசி," என்றார் தாராளமாக. ஏஜெண்ட் எடுத்து நீட்டின பேர் மாற்றும் பாரத்தில் கையெழுத்தும் போட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ஏஜெண்டுக்கு இரண்டாம் தடவை காபி ஊற்றினார்.

காபியைக் குடித்துவிட்டு ஏஜெண்ட் சொன்னார். "ஓனர் வேற, ஓட்டறவர் வேற ஆயிட்டதால ஒரு நிபந்தனை சார். ஒவ்வொரு தடவை பறக்கவும் ஓனர் கைப்பட அனுமதிச் சீட்டு எழுதித் தரணும். இல்லேன்னா பாலிசி செல்லாது."

"பார்த்தேன் சார், நாலாம் பக்கத்துல இருக்கு," என்றாள் ஜோசஃபின். "அஞ்சாம் பக்கத்துல ஓனர் பயணி இல்லைன்னு போட்டிருக்கே, அது எப்படி?"

"தன் மேலயே தான் கேஸ் போட முடியாதேம்மா! ஓனருக்குத் தனியா இன்ஷூரன்ஸே வேண்டாம். எந்த சீட்டிலயும் தாராளமா உட்காரலாம்."

கிளாரன்ஸ் கையை நீட்டினார். "சார், அந்த பாரத்தை இப்படிக் குடுங்க."

"அப்ப வீட்டை எழுதறீங்களா?" என்றாள் ஜோசஃபின்.

கிளாரன்ஸ் நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

பேர் மாறி வர ஒரு மாசம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஜக்கூர் போனார்கள். ஜோசஃபின் கைப்பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினாள். 'இன்று பறக்க அனுமதி உண்டு. உரிமையாளர் முன் சீட்டில் இருந்தால் மட்டும்.'

போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார் கிளாரன்ஸ். இன்ஜின் போடுகிற சத்தத்தில் இவள் என்ன கத்தினாலும் காதில் விழாது. அது போதும்.

ஜோசஃபின் ஏறி உட்கார்ந்து, பெல்டை இறுக்கிக்கொண்டு, காலடியில் எதையோ பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"ஏங்க, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல பேசறதுக்குன்னே குழாய் வச்சிருக்காங்களே, இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"