பிராணநாதரும் மைத்துனன் மூக்கும்

மூக்கு உள்ள எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் நம்மிடையே ஓர் இனம் உண்டு. அதற்குத் தன் மூச்சு போதாது, உங்கள் மூச்சும் வேண்டும். மாடிப்படி ஏறி இளைத்துப்போய் நிற்கிறீர்களா, "வாயால விடாதீங்க" என்பார். கொட்டாவி விட்டீர்களா, வலது நாசியில் கோளாறு. மாமியாரோடு சண்டையா, இடது நாசி. பிள்ளை கணக்கில் தோற்றுவிட்டானா, அடடா, இரண்டு நாசியுமே சரியில்லை, வாத்தியாரை ஏன் குறை சொல்கிறீர்கள்? இந்த இனத்தாரைப் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலுவலகத்தில் ஒருவர் நிச்சயம் இருப்பார். குடும்பத்தில் ஒருவர் இருப்பார். போன பிறவியில் பாவம் செய்தவர்களுக்கு இரண்டும் ஒரே ஆளாக அமைந்துவிடும்.

நாம் பார்க்கப்போகிறவர் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பில் போடுகிறவர். அங்கே அவருக்குப் பிராணநாதர் என்று பெயர். பழைய நாடகங்களில் மனைவி கணவனைக் கூப்பிடும் பெயர்தான், ஆனால் அவர் மனைவி ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிராணனை வாங்குகிறவர் என்கிற பொருளில் பக்கத்து மேஜைக்காரர்கள் வைத்தது. அவருக்கோ அதில் ஏகப் பெருமை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தியபோது அந்த அம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டுமே.

வித்தை எங்கே கற்றார் என்று கேட்கிறீர்களா? மூன்று நாள் முகாம். அதிலும் இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார். யார் யார் இதைச் செய்யக்கூடாது, யார் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அந்த மத்தியானம்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். இதை அவரே ஒரு நாள் சாப்பிடும்போது உளறினார், வரவேற்பில் சாப்பாடு நன்றாக இருந்தது என்கிற சந்தோஷத்தில். மூன்றாம் நாள் பாடம் நடத்தியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாவம், மனிதர் சைகையாலேயே ஒப்பேற்றினார். நம்மவர் அதையும் வித்தையின் ரகசியம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வகுப்பில் பேச்சு கிடையாது. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பார். "என்னையே பாரு. நான் செய்றத செய். கேள்வி கேட்டா பிராணன் கலைஞ்சிடும்." அவ்வளவுதான், கண்ணை உருட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

இடது நாசி குளிர்ச்சி, வலது நாசி சூடு என்று முகாமில் அச்சடித்துக் கொடுத்த தாள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கோபக்காரர்களுக்கு இடது, சோம்பேறிகளுக்கு வலது என்று அலுவலகம் முழுக்கப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். தபால் பிரிவுத் தூங்குமூஞ்சிக்குச் சூடு ஏற்றினார். அந்த மனிதர் முன்பு மத்தியானம் மட்டும் தூங்கினவர், இப்போது காலையிலேயே சாய ஆரம்பித்தார். சிடுமூஞ்சி மேலாளருக்குக் குளிர்ச்சி கொடுத்தார். அவர் ஃபைலை வீசி எறிகிற தூரம் கூடிப்போனது. ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "உள்ள இருக்கிற கசடு வெளியே வருது. நல்ல அறிகுறி" என்பார். குணமானால் அவரால். குணமாகாவிட்டால் கசடால். இப்படியொரு தொழில் யாருக்குக் கிடைக்கும்?

இத்தனைக்கும் பகலெல்லாம் ஊருக்கு மூக்கு வாத்தியார், படுத்தால் அவர் மூச்சு விடுவது வாயால்தான். சுவரெல்லாம் அதிரும். அந்த அம்மாளைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். புருஷனுக்கு ஒரு கிறுக்கு இருந்தால் மற்ற கிறுக்குகள் அண்டாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. சீட்டாட்டம் இல்லை, குடி இல்லை, மூக்குதானே, பிடித்துக்கொண்டு போகட்டும். அந்த மூக்கு அவள் கூடப்பிறந்தவன் பிழைப்பில் வந்து நிற்கும்வரை அப்படித்தான் இருந்தாள்.

அவள் தம்பி பஸ் டிரைவர். ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான். வருடா வருடம் டிப்போ டாக்டர் சோதித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டி. சோதனைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்காவைப் பார்க்க வந்தவன், வந்தோமா சாப்பிட்டோமா என்று போயிருக்கலாம். அத்தானிடம் போய் வாயைக் கொடுத்தான்.

"பிரஷர்தான் அத்தான் கொஞ்சம் பயமா இருக்கு. போன தடவையே கோட்டுல நின்னுச்சு."

பிராணநாதர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"மாத்திரை சாப்பிடுறியா மாப்ளே?"

"ஆமா அத்தான். தினமும்."

"நல்லா நடக்கிறவனுக்கு எதுக்குய்யா ஊன்றுகோல்?"

நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டன. அழுத்தம் என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் இடது. பிராணநாதர் தன் வலது நாசியைக் கட்டை விரலால் அடைத்தார், இடது நாசியால் இழுத்தார், மற்றக் கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்கும்வரை மூச்சை அடக்க வேண்டும் என்று பொருள். அவள் கூடத்தைத் தாண்டும்போது பார்த்தால் தம்பியின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது.

"என்னங்க, அவன் முகமெல்லாம் செவந்து போச்சு. விடச் சொல்லுங்க."

அவர் ஒரு விரலை உதட்டில் வைத்துக் கண்ணால் அதட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "பிராணன் ஏறும்போது அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?"

தம்பி சொன்ன சொல் தட்டாதவன். அக்காள் புருஷன், படித்தவர், சபையில் பேசுகிறவர். அவர் ஒன்று சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று நம்பினான். மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினான். காலையும் மாலையும் மூக்கைப் பிடித்தான். சோதனை நாளன்று டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு தடவை பலமாக இழுத்து, அடக்கோ அடக்கென்று அடக்கி, கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா கருவியைப் பார்த்தார். பழுதோ என்று வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையே சொன்னது.

"தலை சுத்துதா?"

"கொஞ்சம்."

"மாத்திரை?"

"நிறுத்திட்டேங்க. மூச்சுப் பயிற்சி பண்றேன்."

"பயிற்சி பண்ணுங்க, வேண்டாங்கல. மாத்திரையை எதுக்கு நிறுத்தினீங்க? அழுத்தம் இருக்கிற ஆளு மூச்சை எதுக்கு அடக்குறீங்க? பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க, நீங்க ஸ்டியரிங்ல மயங்கி விழுந்தா அவங்க கதி?"

ஒரு மாதம் வண்டியைத் தொடக்கூடாது. மாதம் கழித்து மறுசோதனை, அதிலும் தேறாவிட்டால் டிரைவர் வேலை கிடையாது. அவன் நேராக அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். "போச்சுக்கா" என்றான்.

பிராணநாதர் வீடு திரும்பினார். விஷயத்தைக் கேட்டார். வருத்தப்பட்டாரா? சந்தேகப்பட்டார், மைத்துனனை.

"நீ சரியா செஞ்சிருக்க மாட்டே. எங்க, செஞ்சு காட்டு."

தம்பி செய்து காட்டினான். இடது நாசியை அடைத்தான், வலது நாசியால் இழுத்தான்.

"அட மடையா! மாத்திப் பண்றியே! நான் எதைக் காட்டினேன்?"

"இந்தப் பக்கம்தானே அத்தான் காட்டினீங்க?" அவன் தன் இடது பக்கத்தைத் தொட்டான், அதற்கு நேர் எதிரே இருந்தது அத்தானின் வலது பக்கம். கண்ணாடியைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறவன், எதிரே தெரிந்ததை அப்படியே செய்திருக்கிறான். அவன் மட்டுமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரும் அப்படித்தானே செய்திருப்பார்கள்! தூங்குமூஞ்சிக்குத் தாலாட்டும் மேலாளருக்குத் தீப்பந்தமும் போய்ச்சேர்ந்த கதை அந்த அம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பக்கத்தை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"மௌனம்தான் முறை. சரி, பக்கம் மாறிப்போச்சு, அவ்வளவுதான். வித்தையில குறையில்ல."

"மாறாம இருந்தா மட்டும்? மூச்சை அடக்கச் சொன்னது யாரு? மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான் நிறுத்தச் சொன்னேனா? எதுக்குன்னுதான் கேட்டேன்."

பார்த்தீர்களா, இந்த இனத்தின் அடையாளமே இதுதான். இவர்கள் எதையும் சொல்வதில்லை; கேட்கத்தான் கேட்கிறார்கள். கேட்டதை நம்பி நீங்கள் கிணற்றில் குதித்தால் அது உங்கள் அவசரம்.

அவளுக்குப் பொறுமை அறுந்தது. "உங்க சர்க்கரை மாத்திரையை நீங்க ஏன் நிறுத்தல? தினம் காலையில எடுத்துக் குடுக்கிறவ நான்தானே. ஒரு நாள் மறந்தா என்ன குதி குதிக்கிறீங்க! உங்களுக்கும் ரெண்டு நாசி இருக்கில்ல?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது... எனக்கு."

அந்த ஒரு சொல்லில் மனிதர் தன்னை முழுதாக அவிழ்த்துக் காட்டிவிட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அந்த மாதம் முழுக்க அவள் தம்பிக்குக் காலையில் போன் போட்டு, மாத்திரையை விழுங்கும் சத்தம் கேட்கும்வரை வைக்கவில்லை. டாக்டரம்மா சொன்னபடி உப்பைக் குறைத்தான், நடந்தான், மூச்சை அதன் போக்கில் விட்டான். மறுசோதனையில் தேறினான். வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சொல்ல வந்தவனை எதிர்கொண்டு அணைத்தவர் யார் என்கிறீர்கள்? பிராணநாதர்தான்.

"பாத்தியா மாப்ளே! நம்ம பயிற்சி மெதுவாத்தான் வேலை செய்யும்."

"ஆமா அத்தான்" என்றான் அந்த நல்லவன். அக்காள் இருவரையும் பார்த்தாள். இது திருந்தப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கூடத்தில் புது ஆட்கள். எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி, அலுவலகத்தில் ஓய்வு பெறப்போகிற ஒருவர். பிராணநாதர் கட்டை விரலைத் தூக்கினார். அவள் சமையற்கட்டு வாசலில் நின்று, "ஒரு நிமிஷம். தினம் ஏதாவது மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் எந்திரிச்சு உள்ள வாங்க, காபி போட்டிருக்கேன்" என்றாள். மூன்று பேரும் எழுந்து போனார்கள். கட்டை விரல் மூக்கருகே நின்றது நின்றபடி, வாத்தியார் மட்டும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, சிரித்தாயிற்று. இப்போது உங்களிடம் ஒன்று கேட்கலாமா? படித்துக்கொண்டே வந்தபோது நடுவில் ஒரு நாசியை அடைத்து, எனக்கு எதில் மூச்சு ஓடுகிறது என்று பார்த்தீர்கள், அல்லவா? பரவாயில்லை, அது குற்றமில்லை. ஆனால் கூடவே ஒரு முகமும் நினைவுக்கு வந்திருக்குமே: உங்கள் மச்சான், பக்கத்து மேஜைக்காரர், மாடிவீட்டு அம்மாள், யாரோ ஒருவர். "இதை அவர்கிட்ட சொல்லணும், அவருக்கு ரொம்ப நல்லது" என்று தோன்றியதா? போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டீர்களா?

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் தெரியுமா உங்களுக்கு?