சவுகத் அலி லடாக்குக்குத் தயாராகிறார்

கேரளா போகும் சாலையில், மலையடிவாரச் சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் தங்கபாண்டி, சவுகத் அலியின் முதுகுப்பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஆற்று மணல்.

"பாய், லாரியில மணல் கடத்துறவனப் பாத்திருக்கேன். முதுகுல கடத்துறவன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சவுகத் அலி போடியில் பேர் பெற்ற ஏலக்காய் வியாபாரி. எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடைக்கே ஸ்கூட்டரில் போகிற மனுஷர். தான் லடாக் போகப்போவதாகவும், அங்கே மலை ஏறி, சைக்கிள் மிதித்து, ஆற்றில் ரப்பர் படகு விடப்போவதாகவும், அதற்காகத்தான் சுமையோடு நடந்து பழகுவதாகவும் சொன்னார். தங்கபாண்டி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். வயிற்றருகே வந்ததும் பார்வை கொஞ்சம் தாமதித்தது. மணலைக் கொட்டிவிட்டு வீடு போய்ச் சேரும்படி சொல்லி அனுப்பினார்.

லடாக்கைப் பார்க்கும் ஆசை சவுகத் அலிக்குத் துளியும் இல்லை. மகனைப் பார்க்கத்தான் ஆசை. பைரோஸ் பெங்களூருவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிய அன்று, கடையை விட்டுப் போகிறவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று கோபத்தில் சொல்லித் தொலைத்தார். மற்ற எதிலும் அப்பன் பேச்சைக் கேட்காத பயல் இதை மட்டும் கேட்டான். மூன்று வருஷமாகப் பெருநாளுக்குக்கூட வரவில்லை.

அவனே ஒருநாள் போன் செய்து, சிநேகிதர்களோடு லடாக் போவதாகவும், அத்தாவும் வருகிறீர்களா என்றும் கேட்டபோது, கேள்வி முடியுமுன்னே இவர் "வர்றேன்" என்றுவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"பத்து நாளு ஒரே கூடாரத்துல இருக்கப் போறோம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருந்துருவானா?" என்று மனைவி பாத்துமுத்துவிடம் கேட்டார். அவள் அவருக்குக் கம்பளிக் குல்லா வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் பைரோஸ் நிபந்தனைகளை அவிழ்க்க ஆரம்பித்தான். உடம்பு தயாராக வேண்டும், முதலில் சைக்கிள் மிதித்துப் பழகுங்கள் என்றான். பக்கத்திலிருக்கும் ராசிங்காபுரம் வரை மிதித்துப் போய், திரும்பும்போது லோடு ஆட்டோவில் சைக்கிளோடு சைக்கிளாகக் கிடந்து வந்தார். நீச்சல் தெரியாமல் படகில் ஏற்ற மாட்டார்கள் என்றான். டயர் டியூபோடு தோட்டத்துக் கிணற்றில் இறங்கியவரை வெளியே எடுக்கக் கயிறும் ஆட்களும் வேண்டியிருந்தது. பத்துக் கிலோ தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடக்க வேண்டும் என்றான். தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்காரர்கள் வழியில் இவரைப் பார்த்துவிட்டு, பாய்க்குத் தொழில் படுத்துவிட்டது என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். ஏலக்காயை ஏலம் விடும் மையத்தில் வழக்கமாகப் பக்கத்தில் உட்காருகிறவர் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

இடையில் பனி, மண்சரிவு என்று சொல்லிப் பயணத் தேதியையும் பைரோஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். பழகுவதற்கு இன்னும் அவகாசம் கிடைத்ததே என்று சவுகத் அலி ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்.

மணல்தானே பிரச்சினை என்று மறுநாள் பையில் வீட்டு அரிசியை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். ஊரில் வேறு யாரும் செய்யத் துணியாத காரியம் அது. கேரளாவுக்கு ரேஷன் அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்க அன்றைக்கென்று மேலதிகாரி ஒருவர் சாவடிக்கு வந்திருந்தார். தங்கபாண்டி முந்தின நாள் கதையைச் சொன்னதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நேத்து மணல வச்சு வழி பாத்திருக்காரு. இன்னைக்குச் சரக்கோட வந்துட்டாரு."

சவுகத் அலிக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டுமானால் மகனிடமே கேளுங்கள் என்று பைரோஸுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். துண்டித்துவிட்டான். ஆபீசில் முக்கியமான சோலியில் இருப்பான் என்று அதிகாரியிடம் மகனுக்காகப் பரிந்து பேசினார். பைரோஸ் அனுப்பியிருந்த பயண அறிவிப்பில், ஏற்பாடுகளைக் கவனிக்கும் சுசித்ரா என்ற பெண்ணின் நம்பர் இருந்தது. அதற்கு அடித்தார். உடனே எடுத்தாள். அதிகாரி போனை வாங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டிவிட்டு, பைரோஸின் அத்தா சவுகத் அலி உங்களோடு லடாக் வருவது நிஜம்தானா என்று கேட்டார்.

சவுகத் அலி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"அவருக்கு இஷ்டமில்லைன்னு பைரோஸ் சொன்னானே சார்," என்றாள் சுசித்ரா, "நாங்க எல்லாரும் லடாக் போயிட்டு வந்து ஒரு வாரமாச்சு."