இண்டிகா விசாரணைக் கமிட்டி

உலகத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் அனைத்தும் உட்கார்ந்த இடத்திலேயே நிகழ்ந்தவை என்பதில் சுப்பிரமணியத்துக்குச் சந்தேகமே கிடையாது. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் இருபது அறைக் கட்டடத்தின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அவர் ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளர். பெயர்ப்பலகையில் பர்மிய மரியாதையோடு ‘ஊ சுப்பிரமணியம்’. இந்த ஒன்பது ஆண்டில் சங்கம் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. ஏதாவது செய்தால்தானே தவறு வரும்?

கீழ்த்தளத்துப் பதினோராம் அறை வடிவேலின் குற்றத்தையும் அவர் மாடி ஜன்னலோர நாற்காலியிலிருந்தே கண்டுபிடித்தார். பின்பக்கச் சாக்கடை ஓரம் புதர் புதராகச் செடிகள். விரல் விரலாய் விரிந்த இலை. அதே மாதிரி இலையின் படம், விவரக் குறிப்போடு பாங்காக்கிலிருந்து யாரோ அனுப்பி, அவர் போனில் இருந்தது.

ஞாயிறு காலை அதே மாடி அறையில் விசாரணைக் கமிட்டி கூடியது. மதியச் சாப்பாடு உண்டு என்பதால் ஐந்து உறுப்பினரும் ஆஜர். சமையல் வழக்கம்போல அம்சவேணி. அவள் வடிவேலின் மனைவி என்பது கமிட்டியின் ‘நடுநிலை’யைச் சிறிதும் பாதிக்கவில்லை; அவள் கைப்பக்குவம் அப்படி.

“இண்டிகா,” என்று சுப்பிரமணியம் போனைப் பார்த்துக் கனத்த குரலில் வாசித்தார். “பரம்பரைச் சுத்தமான பழைய ரகம். குட்டையாக, புதராக வளரும். அகன்ற இலை. கரும்பச்சை.”

தலைவர் ஜமால் பாய் நெகிழ்ந்துபோனார். “பேர்லயே இந்தியா இருக்கே! நம்மாளுங்க எங்க போனாலும் பேர் வாங்கிடறாங்க.”

“பாய், அது கஞ்சா.”

“அப்ப நமக்குச் சம்பந்தமில்ல. எழுதிக்குங்க.”

சுப்பிரமணியம் ‘விளைவுகள்’ பகுதிக்கு வந்தார். உடம்பு தளரும். இமை கனக்கும். உட்கார்ந்தவர் எழமாட்டார். நேரம் போவதே தெரியாது. பசி பெருகும். எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அலோன் துறைமுகத்தில் இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வரும் வடிவேல் பகலில் தூங்குகிறான். கண் சிவந்திருக்கிறது. சோறு மூன்று தட்டு.

“பத்துப் பொருத்தத்துல ஒம்போது இருக்கு,” என்றார் ஜமால் பாய். “செடியப் போய்ப் பாத்துடலாமா?”

“நாப்பத்திரண்டு படி இறங்கணும் பாய்.”

“போலீஸ்ல போய்ச் சொல்லிடலாமா?”

“அதுக்கும் அதே படிதான்.”

கமிட்டி ஆழ்ந்து யோசித்தது. இறுதியில், மனிதாபிமானம் கருதி போலீஸைத் தவிர்த்து, மாதக் கடைசிக்குள் வடிவேல் குடும்பம் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் தீர்மானம் எழுதப்பட்டது.

கரண்டியும் கையுமாக வாசலில் நின்றிருந்த அம்சவேணி உள்ளே வந்தாள்.

“அண்ணே, மழ தொடங்கப்போவுது. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நாங்க எங்க போவோம்? அந்தச் செடி வந்து...”

“சாட்சியக் கூப்பிட்டாத்தான் பேசணும்,” என்றார் ஜமால் பாய். “கூப்பிடலையே.”

சுப்பிரமணியத்துக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் இளகிய மனத்தோடும் கையெழுத்துப் போடலாம் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று முடிவாயிற்று. அம்சவேணி படியிறங்கிப் போனாள்.

சாப்பாடு பிரமாதம். சோறு, பருப்பு, இறாலும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கிய புளிப்பான கீரை. ஜமால் பாய் மூன்று முறை கேட்டு வாங்கினார். பிறகு கமிட்டி ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தது.

சுப்பிரமணியம் விழித்தபோது மணி நாலு. தீர்மானம் கையெழுத்தில்லாமல் பருப்புக் கறையோடு கிடந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சாக்கடை ஓரம் இலையே இல்லாமல் வெறும் குச்சிகள்!

“பாய்! சாட்சியம் காணோம்!”

“காணாமப் போவலண்ணே,” என்றாள் பாத்திரம் எடுக்க வந்த அம்சவேணி. “நீங்கதான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்ட்டீங்க.”

“அடிப்பாவி! அதான் இந்தத் தூக்கமா?” ஜமால் பாய் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். “தல சுத்துது. என்னைப் பிடிங்க!”

சுப்பிரமணியம் போனை எடுத்துச் சரிபார்த்தார். உடம்பு தளர்ந்திருக்கிறது. இமை கனக்கிறது. எழ முடியவில்லை. நேரம் போனதே தெரியவில்லை. பசிகூட லேசாக எடுக்கிறது. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் பொருந்தியது.

அம்சவேணி முந்தானையிலிருந்து ஒரு கொத்து இலையை எடுத்து மேசைமேல் போட்டாள்.

“சின்பவுங், அண்ணே. புளிச்ச கீர. பொறந்ததுலேர்ந்து தின்னுறீங்க. தட்டுல வெச்சாத் தெரியுது, செடியாத் தெரியல. ஒரு நாளாவது அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயிருந்தாத்தானே?”

“கீரையா?” ஜமால் பாய் கவலையோடு கேட்டார். “அப்ப எங்களுக்கு வந்த மயக்கம்?”

அம்சவேணி குனிந்து, ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த காகித மடிப்பை உருவினாள். மேசை ஆடியது. காகிதத்தில் சங்கத்தின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

“பின்னாடிச் சாக்கடையத் தூர் வாரச் சொல்லி நான் குடுத்த மனு. மூணு மழக்காலமா அந்தத் தண்ணி எங்க ரூமுக்குள்ள வந்து போவுது. புள்ளைங்களக் கட்டில் மேல ஏத்தி வெச்சிட்டு நான் நின்னுக்கிட்டே விடிய விடிய அள்ளி ஊத்துறேன். நீங்க வாராத சேத்துலதான் கீர இப்படி வளந்திச்சு.” அவர் போனைக் காட்டினாள். “அந்த இண்டிகா எத்தன நேரத்துல தெளியுமாம்? படிங்க அண்ணே.”

சுப்பிரமணியம் படித்தார். “சுமார் நாலு மணி நேரம்.”

அவள் காலி செய்யச் சொன்ன தீர்மானத்தை எடுத்து நாலாக மடித்து மேசைக்காலின் கீழே செருகினாள். மேசை ஆடாமல் நின்றது.

“அப்ப உங்களுக்கு வந்தது கஞ்சா மயக்கம் இல்லண்ணே. கஞ்சான்னா எப்பவோ தெளிஞ்சிருக்கும்.”