தேசநாயகரின் மூக்கு

எந்த ஊருக்குக் குடிபோனாலும் நமக்கு முன்பே போய்க் காத்திருப்பவை சில உண்டு. கொசு, தூசி, சத்தமாக ரேடியோ வைக்கும் பக்கத்து வீடு. இவற்றோடு நான்காவதாக ஒரு இனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாரிசு கண்டுபிடிப்பவர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். யாரிடமாவது, "நம்ம தேசநாயகர் கல்யாணமே பண்ணிக்காம போய்ச் சேர்ந்துட்டாரே, பாவம்" என்று சும்மா சொல்லிப் பாருங்கள். சாதாரண மனிதர் "ஆமா, பாவம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இந்த இனத்தைச் சேர்ந்தவர் உடனே பதில் சொல்லமாட்டார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். பின்னால் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படின்னு புஸ்தகத்துல போட்டிருக்காங்க" என்பார்.

அவ்வளவுதான். அன்றைய மதியம் உங்களுடையது அல்ல.

தேசநாயகர் ஏழு முறை சிறைக்குப் போனார், காட்டில் ஒளிந்திருந்தார், ஊர் ஊராகப் பேசினார், நாளொன்றுக்கு முப்பது கடிதம் எழுதினார், நாற்பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனார் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். வாரிசு கண்டுபிடிப்பவர்களின் கணக்கு வேறு. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஊருக்கொரு பிள்ளை பெற்றுக்கொண்டே போனார். நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது நாட்டை விடுவித்தார்.

இந்த இனத்தின் மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய், வாசல் மூலையில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, கரப்பான்பூச்சியை விரட்டி, மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைக் குறிப்பது அவர் வேலை. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆதாரம். வாயைத் திறந்தால் "ஆதாரம் இருக்கு சார்" என்பதால் வந்த பெயர். அந்த ஆதாரத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வேலையில் மட்டும் ஆள் படு கறார். "போன தடவை மாதிரியே போட்டுக்கோங்க சார்" என்று வீட்டுக்காரர் கெஞ்சினாலும் மசியமாட்டார். குப்புறப் படுத்தாவது எண்ணைத் தன் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு எண் தப்பில்லை. இவ்வளவு கறாரான மனிதர் தேசநாயகர் விஷயத்தில் மட்டும் ஏன் எதையும் பார்க்காமலே எழுதிக்கொள்கிறார் என்று கேட்கிறீர்களா? அது வேலை, இது ஆராய்ச்சி.

ஆராய்ச்சியில் இதுவரை சிக்கியவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. மாட்டு வைத்தியர் ஒருவர், மோவாய்க்கட்டைக்காக. பஸ் கண்டக்டர் அம்மாள் ஒருவர், டிக்கெட் கேட்டுக் கை நீட்டும் தோரணைக்காக. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் இரட்டையரில் மூத்தவர்.

இளையவர் இல்லையாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பூட்டு ரிப்பேர்காரர் கிடைத்தார். நாற்சந்தியில் தேசநாயகர் வலது கையை நீட்டிக்கொண்டு சிலையாக நிற்கிறார். அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பூட்டுக்கடை. ஒரு நாள் அங்கே மீட்டர் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ஆதாரம், மேலே சிலையைப் பார்த்தார். நடுவில் ஒரு மேடு தட்டி, நுனியில் லேசாக இடப்பக்கம் சாய்ந்த மூக்கு. கீழே பார்த்தார். பூட்டுக்குள் வாயால் ஊதிக்கொண்டிருந்த பூட்டுக்காரரின் முகத்தில் அதே மேடு, அதே சாய்வு. உரித்து வைத்தாற்போல் இருந்தது. ஆதாரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அடுத்த வீடு தையல்கார அக்காவுடையது.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. ஜாடை ஒத்துப்போகுதுன்னு மட்டும்தான் சொல்றேன்."

"யாரு ஜாடை சார்?"

"பூட்டுக்காரருக்கும்…" என்று நிறுத்தி, புருவத்தால் நாற்சந்திப் பக்கம் காட்டினார். "காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்."

அக்கா இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். பிறகு ரவிக்கை தைக்க வந்த எல்லோருடைய காதிலும் வைத்தார்.

ஆதாரம் தன் பகுதி முழுவதையும் சுற்றி முடிக்க இரண்டு மாதம் ஆகும். மறுபடி அவர் தையல்கார அக்கா வீட்டு மூடியைத் தூக்கும்போது, அக்கா ஓடி வந்தார்.

"சார், உங்களுக்குத் தெரியுமா? தேசநாயகர் போலீசுக்குத் தப்பிச்சு நம்ம ஊர்ல பதினோரு நாள் ஒளிஞ்சிருந்தாராம். பூட்டுக்காரரோட பாட்டிதான் தெனமும் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தாங்களாம். அடுத்த வருஷமே பூட்டுக்காரரோட அப்பா பொறந்துட்டாராம்!"

ஆதாரம் மீட்டரையே மறந்தார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊரே பேசுது சார்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். இந்த இனத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. தான் விட்ட சரக்கு கை, கால், கண், காது எல்லாம் முளைத்துத் தன் வாசலுக்கே திரும்பி வந்து நிற்கிறது. பெற்றவருக்கு அடையாளம் தெரியவில்லை. 'நான் ஒருத்தன்தான் நினைச்சேன்னு பாத்தா, எனக்குச் சம்பந்தமே இல்லாதவங்களும் அதையே சொல்றாங்களே' என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"ஏங்க, இதை நீங்கதானே ரெண்டு மாசம் முன்னாடி என்கிட்ட சொன்னீங்க?" என்றாள் அவள்.

"நான் சொன்னது ஜாடை. இது தகவல்."

அதற்குள் பூட்டுக்கடையில் பிழைப்பு நாறத் தொடங்கியிருந்தது. வருகிறவர்கள் பூட்டைக் கொண்டுவருவதில்லை. மூக்கைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். துருப்பிடித்த பூட்டை அவர் கையில் கொடுக்க மரியாதை தடுக்கிறதாம். ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையில் கை வைத்து வாழ்த்தச் சொன்னார். "கையெல்லாம் கிரீஸும்மா" என்றாலும் விடவில்லை. குழந்தை கறுப்புத் தலையோடு வீடு போய்ச் சேர்ந்தது. இது மரியாதைக்காரர்களின் கூட்டம். இன்னொரு கூட்டம் இருந்தது. ரொட்டிக்கடை வரிசையில் பூட்டுக்காரரின் அப்பா நின்றிருந்தபோது, முன்னால் நின்ற இரண்டு பேர், பின்னால் நிற்பது யாரென்று தெரியாமல், "சாப்பாடு மட்டுமா கொண்டுபோனா அந்த அம்மா?" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ரொட்டி வாங்காமலே அவர் வீடு திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, விசாரித்துக்கொண்டு ஆதாரத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்து ஓய்ந்தவர். ஆதாரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தேசநாயகரின் மகன் தன் வீட்டுக்கு வந்திருக்கிறார்! துண்டால் நாற்காலியைத் துடைத்தார். நல்ல கோப்பையை எடுக்கச் சொல்லி மனைவிக்குக் கண் காட்டினார்.

"உக்காருங்க ஐயா."

பெரியவர் உட்காரவில்லை.

"எங்கப்பா கல் சுமக்கற வேலை பாத்தவரு. அந்தச் சிலை செய்ய வந்த சிற்பிக்குக் கிடைச்சது பேப்பர்ல வந்த ஒரே ஒரு போட்டோ. அதுல தொப்பி நிழல் விழுந்து மூஞ்சியே தெரியாது. கல் எறக்கிட்டிருந்த எங்கப்பாவைக் கூப்பிட்டு, கையை நீட்டி நில்லுன்னாரு. நாப்பது நாள் நின்னாரு. மூக்கு மேல ஈ உக்காந்தாக்கூட அசையக் கூடாது. எனக்கு அப்ப ஆறு வயசு. ஒரு பொட்டி மேல ஏறி நின்னு நான்தான் ஈ ஓட்டுவேன். நாப்பது நாள் அந்த மூக்கைப் பாத்தவன் நான். நாங்க சிலை மாதிரி இல்ல சார். சிலை எங்கப்பா மாதிரி."

பெரியவர் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவருக்கு வலது தோள் சரியாகல. என்னை இடது தோள்லதான் தூக்கிட்டுப் போவாரு. என்னை ஒரு பெரிய மனுஷனுக்குப் பிள்ளையாக்கிட்டதா நீங்க நெனைக்கிறீங்க. எனக்கு இருந்த அப்பாவை எடுத்துட்டீங்க. எங்கம்மா பேரையும் சந்தியில இழுத்துட்டீங்க. எத்தனை வீட்ல சொன்னீங்களோ, அத்தனை வீட்லயும் போய் இல்லைன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஆதாரம் அழுதுவிட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார். இந்த இனம் பொல்லாத இனம் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பொல்லாதவர்களாக இருந்திருந்தால் ஊர் எப்போதோ உஷாராகியிருக்கும். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வீடு விடாம சொல்லிடறேன் ஐயா" என்றார். பெரியவர் போன பிறகு வெகுநேரம் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். மனைவி அந்த நல்ல கோப்பையில் அவருக்கே தேநீர் கொடுத்தாள்.

மறுநாள் சொன்ன சொல் தவறாமல் முதலில் தையல்கார அக்காவிடம் போனார்.

"அக்கா, அந்தப் பூட்டுக்காரர் விஷயம் சுத்தப் பொய். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அக்கா மெஷினை நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன சார், யாராவது மிரட்டினாங்களா?"

"சேச்சே! அந்தப் பெரியவரே வந்து சொன்னாருக்கா. அந்தச் சிலைக்கு நின்னதே அவங்கப்பாதானாம்."

"சரி, ஊர்ல எத்தனை பேர் இருக்க, அவரை ஏன் நிக்க வெச்சாங்க?"

ஆதாரம் யோசித்தார். அவர் யோசித்திருக்கக் கூடாது.

மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் விஷயத்தை இன்னும் தெளிவாக்கினார். "நாளைக்கு ஜாடையைப் பத்தி யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒரு கதை வேணுமில்ல? அதுக்குத்தான் அவரையே நிக்க வெச்சு சிலை செஞ்சிருக்காங்க. அவங்க சாமர்த்தியம் அது."

"எவங்க சார்?"

"அவங்கதான்யா."

இந்த 'அவங்க' யார் என்று எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை. ஆனால் ஊரில் ஒரு குழாய் சொட்டினாலும் அவங்களுக்குத் தெரியும். ஏழாவது வீட்டை அடைந்தபோது ஆதாரம் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஆரம்பித்திருந்தார். பதினான்காவது வீட்டில் அவர் மறுத்த விதத்தைக் கேட்டவர்கள், ஒரு கதையை இவ்வளவு பயந்து மறுப்பவரை இதுவரை பார்த்ததில்லை என்றார்கள். "இல்லைங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அதைப் பத்திப் பேசவே வேணாங்க" என்று சொல்லிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, வேகமாக அடுத்த வாசலுக்குப் போனார். ஒரு வீடு விடவில்லை. முன்பு கேள்விப்படாமல் இருந்த வீடுகளுக்கும் இப்போது விஷயம் போய்ச் சேர்ந்தது.

வேலையெல்லாம் முடிந்து மனைவியிடம் சொன்னார்: "அந்தப் பெரியவர் அன்னைக்கு உக்காரவே இல்லை பாத்தியா? தேசநாயகரும் யார் வீட்டுக்குப் போனாலும் உக்கார மாட்டாராம்."

"கோவத்துல வந்த மனுஷன் உக்காருவாரா?" என்றாள் மனைவி.

"தேசநாயகருக்கும் கோவம் வரும்."

அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது.

அடுத்த முறை பூட்டுக்கடை மீட்டருக்கு அவர் குனிந்தபோது கடையில் ஒரு பூட்டும் இல்லை. பூட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று ஆதாரம் கேட்டார்.

பூட்டுக்காரர் சொன்னார்: "நேத்து கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. மூக்கைத் தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'டேய், இத்தனை பேர் சொல்றாங்களே, ஒருவேளை இருக்குமோ?'ன்னு கேட்டாரு. செவுத்துல இருந்த தாத்தா படத்தை அவரே கழட்டி, திருப்பி வெச்சுட்டாரு. இப்ப திருப்திதானே சார் உங்களுக்கு?"

கேள்வியில் இருந்த சூடு ஆதாரத்தின் காதில் ஏறவில்லை. அவர் கண்கள் பளபளத்தன. இருபத்தாறு வருடமாகத் தேடிய பொருள் கைக்கு வந்தவரைப் போல, மீட்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, நேரம் போட்டு எழுதிக்கொண்டார். 'மகனே ஒப்புக்கொண்டார்.'

உங்களுக்கு இப்போது அவர்மேல் கோபம் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கல் சுமந்தவர் கதையை நீங்கள் எந்த ஆதாரத்தில் நம்பினீர்கள்? நாற்பது நாள் நின்றதை யார் பார்த்தார்கள்? ஆறு வயதுப் பிள்ளை ஒன்று. அது ஈ ஓட்டியது என்றதும் உங்களுக்கு மனம் இளகிவிட்டது. வேறு எதுவும் நீங்கள் கேட்கவில்லை. போகட்டும், அது உண்மையாகவே இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் ஏதாவது ஒரு நாற்சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மேலே ஒரு சிலை நிற்கும். உங்கள் நாக்கு சும்மா இருக்காது. "இது உண்மையில யாரோட மூஞ்சின்னு தெரியுமா சார்?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள். ஆரம்பிக்கும் முன்பு, தயவுசெய்து, அவருடைய மூக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.