மாப்பிள்ளை பார்த்த உப்பு

மாப்பிள்ளையாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நாம் தப்பாகச் சொன்னாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

என் மச்சினன் கல்யாணம், பாபநாசத்தில் ஒரு மண்டபம். விடிந்ததும் சமையல்காரர் ஒரு கரண்டி சாம்பாரோடு வந்தார். வீட்டு மூத்த மாப்பிள்ளை ருசி பார்த்துச் சொன்னால்தான் பந்தி போடுவார்களாம். நாக்கில் விட்டேன், சப்பென்று இருந்தது. "உப்பு பத்தல" என்றேன். போட்டுக்கொண்டு வந்தார். "இன்னும் பத்தல."

பக்கத்தில் நின்ற என் மாமனார், "மாப்ள சொல்றார்ல, போடுய்யா" என்றார். (அவரும் ருசி பார்த்து முகத்தைச் சுளித்திருந்தார். ஆனாலும் மாப்பிள்ளை வாக்கு ஆயிற்றே.)

முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் சாம்பாரைத் தொட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடினார்கள். நானும் குடித்தேன். அது வாயின் இடது ஓரமாக வழிந்து பட்டு வேட்டியில் இறங்கியது.

"என்னங்க, ஏன் வாயக் கோணிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

நான் கோணவில்லை, அதுவாகக் கோணியிருந்தது. கை கழுவுமிடத்துக் கண்ணாடியில் பார்த்தால் வலது பாதி நான், இடது பாதி யாரோ. இடது கண் மூடவே மறுத்தது. பக்கவாதம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கூடியிருந்தவர்கள் வாயு, திருஷ்டி, பஸ் ஜன்னல் காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். (நான் மட்டும் "பந்தி முடியட்டும்" என்றேன். எப்பேர்ப்பட்ட அறிவாளி பாருங்கள்.) மாமாதான் கையைப் பிடித்துக் காரில் தள்ளித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா என்னைப் பேசச் சொன்னார், கை காலைத் தூக்கச் சொன்னார், காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார், சர்க்கரை உண்டா என்று கேட்டார். பிறகு, "புருவத்த மேல தூக்குங்க" என்றார். வலது நெற்றி சுருங்கியது. இடது நெற்றி இஸ்திரி போட்டது போல அப்படியே இருந்தது.

"நல்லது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இதுல என்னம்மா நல்லது?"

"மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் வாய் கோணும், ஆனா நெத்தி சுருங்கும். நெத்திக்கு மூளையோட ரெண்டு பக்கமும் உத்தரவு கொடுக்குது. உங்களுக்குக் காதுக்குப் பின்னால வர்ற முக நரம்பே வீங்கியிருக்கு. நாக்கு ருசியும் அது வழியாத்தான் போகுது. ஆனா எதுவா இருந்தாலும் உடனே வந்துடணும். பந்திக்காகக் காத்திருக்கக் கூடாது."

வாயைப் பிளந்து கேட்டேன். (பாதிதான் பிளந்தது.) நூல் மாதிரி ஒரு நரம்பு. என் சிரிப்பு, கண்ணிமை, சாம்பாரின் உப்பு, எல்லாம் அதற்குள். பிறந்த நாளிலிருந்து சத்தமில்லாமல் உழைத்திருக்கிறது, ஒரு நாளும் நான் அதை நினைத்ததில்லை. அன்று அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மாத்திரையில் சில வாரங்களில் முகம் திரும்பியது. மானம் திரும்பவில்லை. எந்த விசேஷம் என்றாலும் மாமா, "மாப்ள, மொதல்ல புருவத்தத் தூக்குங்க, அப்புறம் உப்பு பாருங்க" என்பார். பந்தியே சிரிக்கும்.

போன அறுவடைச் சமயம், ஒரு காலையில் மாமா குடித்த காபி அவர் வாயோரம் வழிந்தது. "மாமா, புருவத்தத் தூக்குங்க" என்றேன். கேலி என்று நினைத்துத் தூக்கினார். நெற்றி இரண்டு பக்கமும் அழகாகச் சுருங்கியது. வாய் மட்டும் ஒரு பக்கமாகச் சிரித்தது. டம்ளரை வாங்கி வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதால் மூளையில் இருந்த அடைப்பைக் கரைத்துவிட்டார்கள். இப்போது வயலுக்கு நடந்தே போகிறார். வழியில் யாரைப் பார்த்தாலும் நிறுத்திச் சொல்கிறாராம்: "எங்க மாப்ளைக்கு உப்பு பாக்கத் தெரியாது. நெத்தி பாக்கத் தெரியும்."